வழக்கிறந்த வாணங்கள்



இலக்கிய வட்டம் ஒன்றின் பத்தாம் ஆண்டு விழாவில் ஏவூர்தியின் உந்துபொறிகளைப் பற்றிய பேச்சுக்கு என்ன வேலை என்னும் ஐயம் எழுவது இயல்பே. அவ்வையத்திற்கு விடை இவ்வூரிலேயே உள்ளது. தென்னூரிலிருந்து தெப்பக்குளம் நெடுந்தொலைவன்று. அங்கே லூர்து அன்னை ஆலயத்தை அடுத்து நிற்கும் தூய வளனார் கல்லூரியில் 1954 வரை பயின்று வெளியேறியவர் இராமேசுவரத்து இளைஞர் அப்துல் கலாம். அக்காலத்தை ஒட்டி அதே கல்லூரியில் இயற்பியல் பயின்றவர் திருவரங்கத்தில் வளர்ந்த ரங்கராஜன். பின்னாளில் சுஜாதா என்று தமிழகம் அறிந்தவர். ஒருவர் ஏவூர்தி கட்டினார். மற்றவர் அறிவியலைத் தமிழ் உரைநடைக்குள் இழுத்து வந்து உட்கார வைத்தார். இருவருக்கும் உரிய ஊரில் இப்பொருள் அயலானதாகாது.

ஏவூர்தி மேலேறிய கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. மேலேறியவற்றுள் பல ஏன் பின்னர்ச் செய்யப்படவில்லை என்னும் கதையைச் சொல்வார் குறைவு. பழுதுற்று விழுந்ததை நிறுத்துவதில் வியப்பில்லை. நன்றாக எரிந்து, சொன்ன வேலையைச் செய்து முடித்த ஓர் உந்துபொறியை ஏன் நிறுத்துகிறார்கள்? பாட்டியலும் யாப்பும் அறிந்த அவைக்கு இக்கேள்வி புதியதன்று. நன்றாக இருந்த பா வடிவங்கள் ஏன் பாடப்படாமற் போயின என்று இவ்வவை பலமுறை கேட்டிருக்கிறது.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வது நலம். தமிழில் வாணம் என்றொரு பழகிய சொல் உண்டு. திருவிழாக்களில் வானேறும் வாணமும், தும்பாவிலிருந்து காற்றின் போக்கை அளக்கச் செல்லும் கணையும் அமைப்பில் ஒன்றே. ஒரு முனை அடைத்த குழாய். அதனுள் எரியும்போது தனக்கு வேண்டிய உயிர்வளியைத் தானே தரும் கலவை. மறுமுனையில் இடை சிறுத்து வாய் விரிந்த பீச்சுவாய். உள்ளே பிறக்கும் வளி பின்னோக்கிப் பீறிட, குழாய் முன்னோக்கிப் பாய்கிறது. திட எரிபொருள் உந்துபொறி என்பது இவ்வளவே. திரவ எரிபொருளாயின் திறப்பைத் திருகி நிறுத்தலாம். திட எரிபொருளை மூட்டியபின் நிறுத்த வழியில்லை. எவ்வளவு நேரம் எரிய வேண்டும், எந்த நொடியில் விசை ஏற வேண்டும், எந்த நொடியில் தணிய வேண்டும் என்பதெல்லாம் எரிபொருள் கட்டியின் நடுவே விடப்படும் துளையின் வடிவத்திலேயே முன்கூட்டி எழுதப்பட்டுவிடும். துளை வட்டமாக இருந்தால் எரிய எரியப் பரப்புக் கூடி விசையும் ஏறும். விண்மீன் வடிவில் இருந்தால் ஏறக்குறைய ஒரே சீராக நிற்கும். கணையின் யாப்பு, கண்ணுக்குத் தெரியாத அந்த வெற்றிடத்தில் இருக்கிறது.

இனி, நிறுத்தப்பட்டவற்றின் கதை. தென்னாட்டில் அதன் முதல் இயல் மைசூருடையது. ஐதர் அலியும் திப்பு சுல்தானும் படையில் வைத்திருந்த கணைகள், காகிதக் குழாயையும் மூங்கிற் குழாயையும் விட்டு இரும்புக் குழாய்க்கு மாறியவை. இரும்பு மிகுந்த அழுத்தம் தாங்கும். ஆதலின் கணை நெடுந்தொலைவு சென்றது. 1780-இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஆங்கிலப் படை அதன் கொடுமையை உணர்ந்தது. 1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. கணைகள் கைப்பற்றப்பட்டு, சில இங்கிலாந்துக்குச் சென்றன. வில்லியம் காங்கிரீவ் என்பவர் அவற்றைத் தழுவித் தம் கணைகளை ஆக்க, அவை 1806-இல் பூலோனையும் 1807-இல் கோபன்ஹேகனையும் எரித்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உட்சுரி இட்ட பீரங்கிகள் குறி தவறாது சுடத் தொடங்கியதும் அவையும் ஓய்ந்தன.

மைசூர்க் கணை நின்றதற்குக் காரணம் அதன் குறைபாடன்று, புரந்தவன் மறைந்தான். ஒரே ஒரு வாங்குவோரை நம்பிய தொழில், அவர் போனதும் போயிற்று. இரும்பு அடித்த கொல்லரும் மருந்து இடித்தவரும் தம் கைத்திறத்தை எந்த ஏட்டிலும் எழுதி வைக்கவில்லை. 2018-இல் கர்நாடகத்துச் சிவமொக்கா மாவட்டம் நகரா என்னும் ஊரில் தூர்ந்த கிணறு ஒன்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணைகள் தோண்டியெடுக்கப்பட்டன. குழாய்கள் கிடைத்தன, உள்ளே மருந்தும் இருந்தது. செய்த முறையைச் சொல்ல ஒருவரும் இல்லை. அமெரிக்காவின் வாலப்ஸ் தளத்தில் பயிற்சிக்குச் சென்ற கலாம், அங்கு வரவேற்புக் கூடத்தில் மாட்டியிருந்த ஓவியத்தில் இக்கணைகளைக் கண்டதாகத் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அயலான் சுவரில் மாட்டி வைத்திருக்கிறான். பிறந்த நாட்டில் கிணற்றுக்குள் கிடந்தது. இதற்குமேல் அது பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் இயல் தும்பாவில் தொடங்குகிறது. திருவனந்தபுரத்தை அடுத்த அம்மீனவர் ஊரில், புவியின் காந்த நடுக்கோடு அருகே செல்வதால் மேல்வளி ஆய்வுக்கு ஏற்ற இடமென்று விக்ரம் சாராபாய் தேர்ந்தார். ஊரார் தம் மரிய மகதலேனா ஆலயத்தை விட்டுக்கொடுத்தனர். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து எழுந்த முதற் கணை இந்தியாவினுடையது அன்று. அமெரிக்கா தந்த நைக்-அப்பாச்சி. அதன் கீழ்நிலையாகிய நைக், விமானங்களைச் சுட்டு வீழ்த்தும் படைக்கலத்திற்காகச் செய்யப்பட்டது. அப்படைக்கலம் ஓய்வு பெற்றபோது மிஞ்சிக் கிடந்த உந்துபொறிகள் அறிவியலார் கைக்கு மலிவாக வந்தன. உலகெங்கும் பல ஆண்டுகள் மேல்வளி ஆய்வு நடந்தது, போருக்கென்று செய்து எஞ்சிய சரக்கைக் கொண்டே என்பது கருதத்தக்கது. கிடங்கில் உள்ளது தீரும் நாள் ஒன்று எப்போதும் உண்டு.

எஞ்சியதைக் கொண்டு தொடங்குவது சிறுமையன்று. சப்பானில் 1955-இல் இதோகாவா ஹிதேயோ செய்த பென்சில் கணை ஒரு சாணுக்கு அருகிய நீளமே உடையது. கையில் கிடைத்த எரிபொருள் குச்சியின் அளவே அக்கணையின் அளவை முடிவு செய்தது. வேண்டிய உயரம் இவ்வளவு, ஆகவே எரிபொருள் இவ்வளவு என்று அவர் கணக்கிடவில்லை. உள்ள எரிபொருள் இவ்வளவு, இதைக் கொண்டு என்ன கற்கலாம் என்றே கேட்டார்.

தும்பாவிலும் அப்படித்தான் நடந்தது. 1967 நவம்பர் 20 அன்று எழுந்த முதல் இந்தியக் கணை ஆர்.எச்.-75. ரோகிணி என்பது குடிப்பெயர். 75 என்பது மில்லிமீட்டரில் அதன் விட்டம். ஒரு தேநீர்க் குவளையின் வாயகலம்! விளையாட்டுக் கணை என்று சொல்லத்தக்க அதனைக் கொண்டு எந்தப் பேராய்வும் நடக்கவில்லை, நடத்தவும் எண்ணமில்லை. குழாய் செய்யவும், எரிபொருள் நிரப்பவும், பற்றவைக்கவும், சிதறாமல் மேலேறச் செய்யவும் ஒரு கூட்டம் கற்றுக்கொள்ள அது பயன்பட்டது. கற்றதும் அதன் கடமை முடிந்தது. அடுத்து 100, 125, 200, 300, 560 என்று விட்டம் ஏறியது. இடையில் பிரான்சு நாட்டிடம் உரிமம் பெற்றுச் செந்தார் என்னும் கணையைத் தும்பாவிலேயே செய்தனர். 1969-இல் இங்குச் செய்த செந்தார் பறந்தது. அயல்நாட்டுப் பாடத்தை மனப்பாடம் செய்வது போன்றது அது. சொந்தமாக எழுதத் தெரிந்தபின் மனப்பாடப் பகுதிக்கு இடம் இல்லாமற் போயிற்று. சோவியத் நாட்டின் எம்-100 கணைகள் 1970களிலிருந்து தும்பாவில் வாரந்தோறும் ஏவப்பட்டு வந்தன; சோவியத் ஒன்றியம் 1991-இல் கலைந்த பின் அத்தொடரும் முடிந்தது. ஒரு நாட்டின் வரைபடம் மாறினால் இன்னொரு நாட்டின் கடற்கரையில் புதன்கிழமையும் வெறுங்கிழமையாகும்.

எல்லாவற்றிலும் சுவையானது எஸ்-9 என்னும் உந்துபொறியின் கதை. இதனைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

எஸ்.எல்.வி.-3 என்பது இந்தியா தன் செயற்கைக்கோளைத் தானே வட்டப்பாதைக்கு அனுப்பச் செய்த முதல் ஏவூர்தி. 22 மீட்டர் உயரம், 17 டன் எடை, நான்கு நிலைகள், நான்கும் திட எரிபொருள். கலாம் அதன் திட்ட இயக்குநர். 1979 ஆகஸ்டு 10 அன்று ஏவியது வங்கக் கடலில் விழுந்தது. 1980 சூலை 18 அன்று ஏவியது வென்றது. பின் 1981 மே 31, 1983 ஏப்ரல் 17 என இருமுறை பறந்தது. அத்துடன் நிறுத்தப்பட்டது. நாடே கொண்டாடிய ஓர் ஊர்தி நான்கே முறை பறந்து ஓய்ந்ததைக் கேட்டால் வருத்தமாக இருக்கும். அதன் காரணம் எளிய கணக்கு. அது தூக்கக் கூடியது 40 கிலோ. நாட்டுக்கு வேண்டியிருந்தது நிலத்தையும் நீரையும் பயிரையும் படம் பிடிக்கும் தொலையுணர்வுக் கோள். அத்தகைய முதற்கோளான ஐ.ஆர்.எஸ்.-1ஏ ஏறத்தாழ ஒரு டன் எடை. 1988 மார்ச்சு 17 அன்று அதனைச் சோவியத் ஏவூர்தியே ஏற்றிச் சென்றது. நாற்பது கிலோவுக்கும் ஒரு டன்னுக்கும் இடையே எந்தச் சமாதானமும் இல்லை. அடுத்து வந்த ஏ.எஸ்.எல்.வி. 150 கிலோ தூக்கவல்லது. 1987-இலும் 1988-இலும் தோற்று, 1992-இலும் 1994-இலும் வென்று, அதுவும் நான்கு பயணங்களோடு ஓய்ந்தது. பி.எஸ்.எல்.வி. 1994 அக்டோபர் 15 அன்று வென்றபின் அதற்கு வேலை இல்லை. ஏ.எஸ்.எல்.வி.யைத் தோல்வியின் பெயராகவே பலர் நினைவு வைத்துள்ளனர். அது நேர்மையான கணிப்பன்று. பக்கத்தில் உந்துபொறிகளைக் கட்டிப் பறக்கவும், வழியிலேயே தன் பாதையைக் கணித்துத் திருத்திக்கொள்ளவும் அதில்தான் கற்றனர்.

ஊர்திகள் போயின. உந்துபொறியோ போகவில்லை. எஸ்.எல்.வி.-3இன் அடிநிலையில் ஏறத்தாழ 9 டன் எரிபொருளுடன் நின்ற எஸ்-9, ஏ.எஸ்.எல்.வி.யில் நடுவே ஒன்றும் பக்கத்தில் இரண்டுமாக நின்றது. பி.எஸ்.எல்.வி.யில் 139 டன் அடிநிலை வந்தமர்ந்தபோது, பழைய தலைவன் ஆறு துணைவர்களாகப் பெருகி அதன் விலாவில் ஒட்டிக்கொண்டான். அரசனாக இருந்தவன் பல்லக்குத் தூக்கியானான் என்று கவிஞர்கள் இரங்கலாம். இரக்கம் வேண்டியதில்லை, அரசனாக இருந்தது நான்கு பயணம், தூக்கியாக இருந்தது இருபதாண்டுக்கு மேல். அதற்குள்ளும் மாற்றம் நேர்ந்தது. முதலில் இருந்த எரிபொருளின் பிசின் மாறிற்று. 2008 அக்டோபர் 22 அன்று சந்திரயான்-1 சென்ற ஊர்தியில், நீளம் கூட்டி 12 டன் கொள்ளுமாறு செய்த புதிய துணைப்பொறிகள் வந்தன. பழைய 9 டன் பொறிகளைக் கட்டிய ஊர்தி 2016 செப்டம்பரில் கடைசியாகப் பறந்தது. 1979-இல் தொடங்கிய எஸ்-9 அன்றைக்கு நின்றதா? நீண்ட வடிவில் தொடர்கிறதா? ஆசிரியப்பாவின் எந்த மாற்றத்தில் அது வேறு பாவாயிற்று என்று கேட்பது போன்றது இது. ஏட்டில் பெயரை அடிப்பது ஒரு நாளில் நடக்கும். பொருள் கழிவது அப்படி நடப்பதில்லை.

எஸ்.எல்.வி.-3இன் நான்காம் நிலைக்கும் ஒரு கதை உண்டு. கலாமின் குழு அதனைக் கண்ணாடி இழைக் கூடு கொண்டு வடித்தது. பிரான்சு நாட்டின் தியமான் ஊர்திக்கும் அது பொருந்தும் என்று அந்நாட்டார் விரும்ப, 400 மில்லிமீட்டர் விட்டமும் 250 கிலோ எடையும் கொண்டதாக எண்ணியிருந்ததை 650 மில்லிமீட்டரும் 600 கிலோவுமாக மாற்றி வரைந்தனர். ஈராண்டு உழைப்பு. ஒப்படைக்கும் வேளையில் பிரான்சு அத்திட்டத்தையே கைவிட்டது. ஐரோப்பா ஏரியன் ஊர்தியை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. பொறியில் குற்றமில்லை, எரிபொருளில் குற்றமில்லை, செய்தவர் கையிலும் குற்றமில்லை. வேறொரு தலைநகரில் ஒரு கோப்பு மூடப்பட்டது. விமானப்படையில் சேர முடியாமற் போன நாளின் ஏமாற்றத்தோடு இவ்வேமாற்றத்தையும் சேர்த்துக் கலாம் எழுதுகிறார். ஆயினும் அந்தப் பெரிதாக்கப்பட்ட நிலையே எஸ்.எல்.வி.-3இன் உச்சியில் பறந்தது. அதன் வழித்தோன்றல், 1981 சூன் 19 அன்று ஏரியன் ஊர்தியில் சென்ற ஆப்பிள் என்னும் இந்தியச் செயற்கைக்கோளை உயரப் பாதைக்குத் தள்ளும் பொறியாயிற்று. பிரான்சுக்கென்று செய்து பிரான்சு வேண்டாமென்றது, பிரான்சின் பங்கு மிகுந்த ஊர்தியிலேயே ஏறிச் சென்றது. நாடகத்தில் எழுதினால் செயற்கை என்பார்கள்.

எரிபொருளின் இரசாயனம் தனியே ஒரு காரணம். கலவையில் பெரும்பங்கு அம்மோனியம் பெர்குளோரேட் என்னும் உப்பு. உடன் அலுமினியத் தூள். இவற்றைப் பிணைக்க ஒரு பிசின். அப்பிசினை மாற்றினால் பொறியே மாறிற்று எனலாம். தும்பாவின் ஆர்.எச்.-200 கணை நெடுங்காலம் பி.வி.சி. பிசினிலேயே எரிந்தது, தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் அதே இனம். பி.வி.சி. கலவையை மிகு வெப்பத்தில் பதமாக்க வேண்டும். அவ்வெப்பமே வெடிப்புகளுக்கும் ஒட்டாமைக்கும் வாய்ப்பளிக்கிறது. எச்.டி.பி.பி. என்னும் ரப்பர் இனப் பிசின் குறைந்த வெப்பத்தில் இறுகும்; ஆற்றலும் மிகுதி. பெரிய ஊர்திகள் எல்லாம் அதற்கு மாறிப் பல்லாண்டு கழிந்து, 2020 செப்டம்பரில்தான் ஆர்.எச்.-200 முதன்முறையாக அதனைக் கொண்டு பறந்தது. சிறியது கடைசியாக மாறுவது எங்கும் உள்ள வழக்கம்.

இந்த இடத்தில் தமிழர் மகிழத்தக்க ஒன்றைச் சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. எச்.டி.பி.பி. நிலைபெறுமுன், திருவனந்தபுரத்து ஆய்வாளர்கள் ஆமணக்கெண்ணெயிலிருந்து ஒரு பிசின் ஆக்கினர். பேதிக்குக் கொடுக்கும் அதே விளக்கெண்ணெய்! விண்ணுக்குச் செல்ல ஆமணக்கு விதையை நாடிய நாடு வேறு உண்டா தெரியவில்லை. பெரும்பொறிகளில் அது நிலைக்கவில்லை; எச்.டி.பி.பி. வென்றது. தோற்ற வடிவங்களுக்கும் ஒரு வரலாறு எழுதப்படுமானால் இந்த ஆமணக்குப் பிசினுக்கு முதல் பக்கம் தரவேண்டும்.

மூலப்பொருள் கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் அடுத்தது. 1988 மே 4 அன்று அமெரிக்காவின் ஹெண்டர்சன் நகரில் பெர்குளோரேட் ஆலை ஒன்று தீப்பற்றி வெடித்தது. இருவர் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். அந்நாட்டில் அவ்வுப்பைச் செய்த ஆலைகள் அன்று இரண்டே. அவற்றுள் ஒன்று ஒரு நாளில் இல்லாமற் போயிற்று. இந்திய விண்வெளித் துறை ஆலுவாயில் தனக்கென்று ஓர் ஆலை அமைத்துக்கொண்டதன் அருமை இத்தகைய செய்திகளால் விளங்கும்.

அமெரிக்காவில் மாணவரும் பெரியோரும் பொழுதுபோக்காக ஏவும் சிறு கணைகள் உண்டு. 1950களின் இறுதியில் அவற்றுக்கான உந்துபொறிகளை இயந்திரத்தால் அழுத்திச் செய்யத் தொடங்கியவர் வெர்ன் எஸ்டெஸ். அவற்றின் பெயரிடும் முறை யாப்பறிந்தோர்க்குப் பிடிக்கும். ஆங்கில நெடுங்கணக்கில் ஓர் எழுத்து ஏறினால் மொத்த ஆற்றலின் உச்சவரம்பு இருமடங்காகும், முதலெழுத்துக்கு 2.5, இரண்டாவதற்கு 5, மூன்றாவதற்கு 10 நியூட்டன்-நொடி. எழுத்தை அடுத்த எண் சராசரி விசை. இறுதி எண், எரிந்து முடிந்தபின் குடை விரியும் வரை காத்திருக்கும் நொடிகள். எழுத்து, சீர், இடைவெளி! அவ்வரிசையில் பி-14 என்றொரு பொறி இருந்தது. ஆழ்ந்த நடுத்துளையால் சட்டென்று பெருவிசை தரும். அந்தத் துளையே அதற்குப் பகையாயிற்று. கருமருந்தில் ஆழத் துளை அமைப்பது மெதுவான வேலை, ஆபத்தான வேலை. மற்றப் பொறிகளோ விரைந்து ஓடும் இயந்திரத்தில் நொடிக்கணக்கில் வந்து விழுந்தன. விரும்பியோர் பலர் இருந்தும் அது நிறுத்தப்பட்டது. வாங்குவோர் விருப்பத்தையும் செய்வோர் விரல்களையும் ஒரே தராசில் இட்டால் எது கனக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. பெர்குளோரேட் பொறிகளை வெடிமருந்துப் பட்டியலில் சேர்த்ததை எதிர்த்து அந்நாட்டு ஆர்வலர் சங்கங்கள் தொடுத்த வழக்கு 2009-இல் அவர்களுக்குச் சாதகமாக முடியும் வரை, சட்டத்தின் ஒரு வரி அவர்தம் பொழுதுபோக்கை அழுத்திக்கொண்டிருந்தது.

சட்டத்தின் ஒரு வரி சிவகாசியில் என்ன செய்தது என்பதைத் தமிழர் அறிவர். கந்தகத்தோடு குளோரேட்டைக் கலந்து செய்யும் பட்டாசுகள் 1992-இல் தடை செய்யப்பட்டன. உரசினாலே வெடிக்கும் கலவை அது. தடை கையையும் உயிரையும் காத்தது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடியையும் பேரியம் உப்பையும் விலக்கியது. பச்சை ஒளி தருவது பேரியம். மூச்சுக்குத் தீங்கு என்னும் வாதம் மறுக்கத்தக்கதன்று. அதே வேளையில், வாணத்தின் உச்சியில் பச்சைப் பூவை விரியச் செய்யும் பக்குவம் அறிந்த கைகள் என்ன ஆகும் என்று கேட்பதும் மறுக்கத்தக்கதன்று.

கைகளைப் பற்றிய இக்கேள்வியே இப்பேச்சின் உயிர்நிலை. அமெரிக்கர் நிலவுக்குச் சென்ற ஊர்தியின் அடியில் ஐந்து எஃப்-1 பொறிகள் இருந்தன. 1973-இல் அவை கடைசியாகப் பறந்தன. ஏறத்தாழ நாற்பதாண்டு கழித்து இளம் பொறியாளர்கள் சிலர் அருங்காட்சிப் பொருளாக நின்ற பொறியைப் பிரித்துப் பார்த்தனர். வரைபடங்கள் இருந்தன. ஆயினும் பொறியின் பல பகுதிகள் கையால் பற்றவைத்தவை. ஒவ்வொரு பொறியிலும் பற்றவைப்போர் அந்தந்த இடத்துக்கு ஏற்பச் செய்த சிறு மாற்றங்கள் வரைபடத்தில் ஏறவில்லை. உலோகத்தை நுட்பக் கருவியால் அளந்தளந்து அவர்தம் கையசைவை ஊகிக்க வேண்டியிருந்தது.

பரிபாடலுக்கு நேர்ந்ததும் இதுவே. எழுபது பாடல்கள் இருந்தன என்பது மரபு. முழுமையாகக் கிடைத்தவை இருபத்திரண்டு. அவற்றின் கீழே பாடியவர் பெயர் உண்டு. இசை வகுத்தவர் பெயர் உண்டு. பண்ணின் பெயர் உண்டு. பாலையாழ், நோதிறம், காந்தாரம். சொற்கள் வந்து சேர்ந்தன, பொழிப்பும் உரையும் வந்தன. பாடும் முறை வரவில்லை. பெட்டனாகனார் என்ன இசை வகுத்தார் என்பது அவர் பெயருக்குப் பின்னால் மறைந்துவிட்டது. பரிபாடல் என்னும் வடிவம் கவிஞர் இல்லாமையால் நின்றதாகத் தோன்றவில்லை. அதனைத் தாங்கிய இசைவாணர் குடி கலைந்ததால் நின்றிருக்கக் கூடும். யாழும் அவ்வாறே போயிற்று. அதன் அமைப்பைக் கணக்கிட்டு மீட்க விபுலானந்த அடிகள் பல்லாண்டு உழைத்து எழுதிய யாழ்நூலைக் கரந்தைத் தமிழ்ச்சங்கம் 1947-இல் வெளியிட்டது. ஒரு நரம்புக் கருவியின் வழக்கு அற்றதனால், அதை மீண்டும் அறிய ஓர் அறிஞரின் வாழ்நாள் வேண்டியிருந்தது.

திருச்சிராப்பள்ளி பற்றவைப்போர் ஊர். திருவெறும்பூர்க் கொதிகலன் ஆலையிலும் அதைச் சூழ்ந்த சிறு பட்டறைகளிலும் குழாயோடு குழாயைப் பற்றவைத்து ஓய்வு பெற்றவர்கள் இந்நகரின் தெருத்தோறும் இருக்கிறார்கள். உலோகம் உருகும் ஒலியைக் கேட்டே ஒட்டு நன்றாக விழுந்ததா என்று சொல்லவல்லவர்கள் அவர்களிடையே உண்டு. அந்த ஒலிக்கு அவர்களிடம் ஒரு சொல் இருக்கும். பாதி ஆங்கிலம், பாதி ஊர்ப்பேச்சு. அகராதியில் அதற்கு இடமில்லை. கலைச்சொல்லாக்கம் என்ற பெயரில் மேசைமீது சொல் செய்து, அதனைப் பட்டறைக்கு அனுப்பி, பட்டறை ஏற்கவில்லையே என்று வருந்துவது தமிழறிஞரின் நெடுநாள் பழக்கம். ஏவூர்தி, உந்துபொறி ஆகிய சொற்கள் நல்ல சொற்களே. ஆனால் அவை பொருளின் பெயர்கள். பொருளைச் செய்யும் வினையின் சொற்கள் செய்பவர் வாயில்தான் பிறக்கும். கவிஞர்கள் கூடும் வட்டம் ஒன்று இச்சொற்களைக் கேட்டுத் தொகுக்க முற்பட்டால், பத்தாண்டில் ஒரு நல்ல நூல் கிடைக்கும். வடிவத்தை விட்டு நீங்கும் ஓசையைப் பிடிக்கப் பழகிய செவி கவிஞருக்கே உண்டு.

நிறுத்தப்பட்டவற்றிடையே நிறுத்தப்படாத ஒன்றையும் சொல்லவேண்டும். ஆர்.எச்.-200 ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட முறை பறந்திருக்கிறது. 2022 நவம்பர் 23 அன்று தும்பாவில் அதன் தொடர்ச்சியான இருநூறாவது வெற்றிப் பயணம் நடந்தது. எஸ்.எல்.வி.-3 பிறக்கும் காலத்தில் பிறந்த சிறு கணை அது. 1979-இல் பருவக்காற்று ஆய்வுக்குப் பயன்பட்டது. எழுபது கிலோமீட்டர் உயரத்தில் செம்பு இழைகளைத் தூவி, அவை மிதந்து செல்லும் போக்கை ராடாரால் தொடர்ந்து, மேல்வளியின் காற்றை அளப்பதே அதன் வேலை. எழுபது கிலோமீட்டர் உயரம் நாற்பதாண்டில் எழுநூறு ஆகிவிடவில்லை. செயற்கைக்கோளின் எடை கூடியதைப் போல் காற்றின் எடை கூடவில்லை. வேலை மாறாததால் அளவு மாறவில்லை. அளவு மாறாததால், உள்ளே பிசின் மாறியும் பெயர் நிற்கிறது. பெரியவை எல்லாம் ஓய்ந்தபின்னும் குறள்வெண்பா நிற்பது போல என்று ஒரு கவிஞர் சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

எஸ்.எல்.வி.-3 விட்ட வேலையும் இப்போது வேறு உருவில் திரும்பியிருக்கிறது. கையடக்கக் கோள்கள் பெருகிவிட்டதால், சிறு சுமையை விரைவாக ஏற்றிச் செல்லும் எஸ்.எஸ்.எல்.வி. என்னும் ஊர்தியை 2022-இல் ஏவித் தவறி, 2023 பிப்ரவரி 10 அன்று வென்றனர். அதன் முதல் மூன்று நிலைகளும் திட எரிபொருளே. அதற்கென்று தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளம் அமைக்க 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. முத்தாரம்மன் தசராவுக்கு வேடமிட்டு ஆடும் ஊர் அது. அவ்வட்டாரத்து இளைஞர்கள் கூட்டையும் பீச்சுவாயையும் பற்றவைப்பானையும் என்ன பெயரிட்டு அழைப்பார்கள் என்று கேட்டு எழுதி வர, திருச்சிராப்பள்ளியிலிருந்து ஓர் இரவுப் பேருந்துப் பயணம் போதும்.